பொதிக்குள் இருக்கும் பட்டியல்

மென்பொருள் பொதி ஒவ்வொன்றுடனும் ஒரு கோப்புப் பட்டியல் சேர்ந்தே வருகிறது. பொதிக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, கணினியில் அவை எந்தெந்த ஃபோல்டரில் போய் அமர வேண்டும், ஒவ்வொன்றின் அடையாள எண் என்ன என்பதை வரிக்கு ஒரு கோப்பாக எழுதி வைத்த சாதாரண எழுத்துக் கோப்புதான் அது. மென்பொருள் துறையினர் அதை மேனிஃபெஸ்ட் என்பார்கள். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. அண்டா இத்தனை, கரண்டி இத்தனை என்று கடைக்காரர் எழுதிய சீட்டை வைத்துத்தான் மறுநாள் எண்ணித் திரும்ப வாங்குவார். சீட்டில் ஏறாத கரண்டியைப் பற்றி இரண்டு தரப்புக்கும் பேச்சே இருக்காது.

பயன்படுத்துபவர் இந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பது அபூர்வம். ஆனால் மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, நீக்குவது, பழுது பார்ப்பது ஆகிய நான்கு வேலைகளும் அதை நம்பித்தான் நடக்கின்றன. பட்டியலை ஒருமுறை உருவாக்குவது சுலபம். ஒரே கட்டளையில் இயந்திரம் முடித்துவிடும். மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது அதை மாற்றி எழுதும் இடத்தில்தான் தவறும் மோசடியும் நுழைகின்றன.

தமிழ்நாட்டில் இத்தகைய பட்டியல்கள் கிராமத்து வீடுகள் வரை போய்ச் சேர்ந்ததற்கு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் ஒரு காரணம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்துக்காக எல்காட் நிறுவனம் வாங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் கண்ணமங்கலம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இந்தத் திட்டத்தில் இடம் இருந்தது. கணினியைத் திறந்ததும் நேரே விண்டோஸுக்குள் போய்விட்டவர்கள் நிறையப் பேர் என்பது வேறு விஷயம்.

பாஸ், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் பொதி மூன்று உறுப்புகளைக் கொண்ட ஒரு கட்டு. முதலாவது, பொதியின் வடிவ எண்ணைச் சொல்லும் சின்னஞ்சிறு கோப்பு. இரண்டாவது, கட்டுப்பாட்டுத் தகவல்கள். மூன்றாவதுதான் உண்மையான சரக்கு. பொதியை நிறுவியதும், பொதிகளை நிர்வகிக்கும் டிபிகேஜி என்ற நிரல் தனக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில் குறிப்புகளை எழுதி வைக்கிறது. அவற்றில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று, நிறுவிய கோப்புகளின் முழு முகவரிகள். இன்னொன்று, கோப்புகளுக்கான எம்டி5 என்ற வகை அடையாள எண். இந்த இரண்டாவது கோப்பின் வடிவம் மிக எளியது: வரியின் தொடக்கத்தில் 32 இலக்க எண், பிறகு இரண்டு இடைவெளி, பிறகு கோப்பின் முகவரி. அவ்வளவுதான்.

லோகித் தமிழ் எழுத்துருவின் பொதியை எடுத்துக்கொண்டால், எழுத்துருக் கோப்பு, உரிமம் பற்றிய கோப்பு, மாற்றங்களின் வரலாறு என்று அதன் பட்டியல் ஒரே திரையில் அடங்கிவிடும். அலுவலகப் பயன்பாட்டுத் தொகுப்பு ஒன்றுக்கோ பட்டியல் பல்லாயிரம் வரிகளுக்குப் போகும். கணினியில் கிடக்கும் ஒரு கோப்பைக் காட்டி இது எந்தப் பொதியைச் சேர்ந்தது என்று கேட்டால் டிபிகேஜி பதில் சொல்வதும், வேறொரு பொதிக்குச் சொந்தமான கோப்பின் மேல் புதுப் பொதி எழுத வந்தால் முடியாது என்று நிறுத்துவதும் இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான். நீக்கும்போதும் இப்படியே. பட்டியலில் உள்ளவை போகும். மென்பொருள் ஓடும்போது தானாக உருவாக்கிக்கொண்ட பதிவுக் குறிப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் பட்டியலில் இல்லாததால், அவற்றைத் துடைக்கத் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் அங்கேயே கிடக்கும். நீக்கிய மென்பொருளின் மிச்சம் வட்டில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

பட்டியலில் முகவரியும் அளவும் மட்டும் இருந்தால் போதாதா, அடையாள எண் எதற்கு? ஒரு வெற்றுக் கோப்பில் கண்ணமங்கலம் என்ற ஊர்ப் பெயரை மட்டும் எழுதிச் சேமித்தால் விடை கிடைக்கும். படிப்பவர் கண்ணுக்கு அதில் எட்டு எழுத்து. கணினிக்கோ மூன்று புள்ளிகளும் தனித்தனிக் குறிகள் என்பதால் யூனிகோடு கணக்கில் 11 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கிறது. ஆகக் கோப்பின் அளவு 33 பைட். கடைசிப் புள்ளி விட்டுப்போனால் 30 ஆகிவிடும். அளவைப் பார்த்தே பிழை தெரியும். ஆனால் லகரத்தை ளகரமாக மாற்றி எழுதினால் அளவு அதே 33தான். அளவை மட்டும் நம்பும் பட்டியலுக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது.

இங்கேதான் ஹாஷ் எனப்படும் அடையாள எண் வருகிறது. ஒரு கோப்பின் மொத்த உள்ளடக்கத்தையும் ஒரு கணித விதிக்குள் செலுத்திப் பெறும் நிலையான நீளமுள்ள எண் அது. 33 பைட் கோப்பானாலும் 3 ஜிபி கோப்பானாலும் ஷா-256 விதி தருவது 64 இலக்கங்கள்தான். (இந்த இலக்கங்களில் 0 முதல் 9 வரை தவிர ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் வரும்.) லகரம் ளகரமானால் இலக்கங்களில் பெரும்பாலானவை மாறிவிடும். எண்ணிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற முடியாது. ஒரே எண் வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளைத் தயாரிப்பதும் நடைமுறையில் முடியாத காரியம். இந்தக் கடைசி வாக்கியம் எம்டி5க்குப் பொருந்தாது. 2004இல் சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யுன் குழு, ஒரே எம்டி5 எண் கொண்ட இரண்டு வெவ்வேறு உள்ளடக்கங்களைத் தயாரித்துக் காட்டியது. ஷா-1 விதிக்கும் 2017இல் அதே கதி. அப்படியிருந்தும் டெபியன் பொதிக்குள் எம்டி5 நீடிப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பட்டியலின் வேலை எதிரியைப் பிடிப்பது அல்ல. வட்டுப் பழுதாலும் பாதியில் போன மின்சாரத்தாலும் சிதைந்த கோப்பைக் கண்டுபிடிப்பது. அதற்கு எம்டி5 தாராளமாகப் போதும்.

புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், சில கோப்புகள் பழையதாகவும் சில புதியதாகவும் சில வெறுமையாகவும் நிற்க வாய்ப்பு உண்டு. சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் டிபிகேஜி ஒவ்வொரு கோப்பின் எண்ணையும் மறுபடி கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வரியும் வராது. பொருந்தாத கோப்புக்கு மட்டும் இரண்டு கேள்விக்குறி, ஒரு 5, மேலும் ஆறு கேள்விக்குறி என்று ஒரு வினோதமான வரி வரும். 5 என்பது எம்டி5 ஒத்துப்போகவில்லை என்பதன் அடையாளம். கேள்விக்குறிகள், கோப்பின் அளவு, அனுமதி, உரிமையாளர் முதலியவற்றை டிபிகேஜி சோதிக்கவில்லை என்பதைச் சொல்கின்றன. அந்த விவரம் அதன் பட்டியலில் இல்லை. ரெட்ஹாட் லினக்ஸ் வழி வந்த ஆர்பிஎம் பொதிகளின் பட்டியலில் அவையும் இருக்கும் என்பதால், அங்கே இதே சோதனை இன்னும் விரிவாக நடக்கும். சிதைந்தது எது என்று தெரிந்துவிட்டால் முழு இயங்குதளத்தையும் மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. அந்தப் பொதியை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

பட்டியல் உருவாகும் விதம்

மென்பொருளைக் கட்டுபவர் முதலில் அதைத் தற்காலிக ஃபோல்டர் ஒன்றில் நிறுவுகிறார். பிறகு ஒரு நிரல் அந்த ஃபோல்டருக்குள் இறங்கி, கண்ணில் பட்ட கோப்புகளுக்கெல்லாம் ஹாஷ் கணக்கிட்டு வரிகளாக எழுதுகிறது. நிர்வாகி தம் விருப்பப்படி திருத்திக்கொள்ள வேண்டிய அமைப்புக் கோப்புகளை டெபியன் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை மாறுவது இயல்பு. அதைப் பழுது என்று சொல்லக் கூடாது. அவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு.

வரிகளை அகர வரிசையில் அடுக்குவதும் அவசியம். வட்டிலிருந்து கோப்புகள் எந்த வரிசையில் வரும் என்பது கணினிக்குக் கணினி மாறும். வரிசை மாறினால், உள்ளடக்கம் ஒன்றாகவே இருந்தாலும் பட்டியல் வேறாகிவிடும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது நூற்றுக்கணக்கான பொய் வித்தியாசங்கள் தெரியும். அகர வரிசை என்றாலும் எந்த மொழியின் அகர வரிசை என்ற கேள்வி வரும். கணினியின் மொழி அமைப்பு தமிழிலோ ஆங்கிலத்திலோ இருப்பதற்கேற்ப அடுக்கும் விதி மாறுவதால், மொழி சாராத சி லோகேல் என்ற அமைப்பில் வைத்து அடுக்குவது தொழில் வழக்கம்.

தன்னைத் தானே எழுதிக்கொள்ள முடியாதது பட்டியலின் இன்னொரு சிக்கல். பட்டியலின் ஹாஷைப் பட்டியலுக்குள் எழுதினால் பட்டியல் மாறும். மாறினால் ஹாஷும் மாறும். பைதான் மொழியின் வீல் பொதிகளில் ரெக்கார்ட் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வரியிலும் முகவரி, ஷா-256 எண், அளவு மூன்றும் காற்புள்ளியால் பிரிந்து நிற்கும். ரெக்கார்ட் கோப்புக்கான வரியில் மட்டும் முகவரி இருக்கும். மற்ற இரண்டு இடமும் காலி.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் இன்னும் சுவையானது. பொருளடக்கம் என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்ததாகக் கொள்வோம். அதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். பகரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களை இரண்டாவது வடிவத்தில் பிரித்தே சேமித்தது. லினக்ஸ் பொதுவாகக் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். ஆப்பிள் கணினியில் தயாரான பட்டியலை லினக்ஸில் சோதித்தால், கோப்பு கண்முன் இருக்கும்போதே காணவில்லை என்று கணினி சாதிக்கும். தமிழ் எழுத்துருக்களுக்கும் தமிழ் நிரல்களுக்கும்கூட உள்ளே கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

பைதானில் தமிழை அலச உதவும் ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு, பைதான் பொதிகளுக்கான பைபிஐ களஞ்சியத்தில் கிடைக்கிறது. இந்த வகைத் தொகுப்புகளில் நிரலோடு சொற்பட்டியல்களும் போக வேண்டும். பைதானில் பொதி கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ், நிரல் கோப்புகளைத் தானாக எடுத்துக்கொள்ளும்; சொற்பட்டியல் போன்ற தரவுக் கோப்புகளைப் பொதுவாக ஆள்தான் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் எழுதியவர் கணினியில் எல்லாம் ஓடும், ஏனென்றால் கோப்பு அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. பைபிஐயிலிருந்து இறக்கியவருக்குத்தான் சொற்பட்டியலைக் காணோம் என்று பிழை வரும். தரவை நம்பி ஓடும் மொழித் தொகுப்புகள் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் அபாயம் இது. வெளியிடும் முன் பொதியைத் தொடர்பற்ற வேறொரு கணினியில் நிறுவிப் பார்ப்பதே இதற்கு மருந்து.

புதுப்பிக்கும்போது

புதிய பதிப்பில் மூன்று வகை மாற்றம் வரலாம். கோப்பு சேரலாம், கோப்பு போகலாம், இருக்கும் கோப்பின் உள்ளடக்கம் மாறலாம். மூன்றையும் இயந்திரமே கண்டுபிடிக்கும். ஆனால் ஒரு கோப்பு சேர்ந்தது சரியா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எடிட்டர் விட்டுச் சென்ற காப்புப் பிரதி, சோதனைக்காக வைத்த கடவுச்சொல், தவறுதலாக நுழைந்த புகைப்படம் எல்லாமே அதன் பார்வையில் புதிய கோப்புகள்தான்.

ஒவ்வொரு சமூகமும் இந்த இடத்தில் தன் குணத்தைக் காட்டியிருக்கிறது. பெர்ல் மொழிக்காரர்கள் மேனிஃபெஸ்ட் என்ற பெயரிலேயே கோப்பை வைத்து, ஒரே கட்டளையில் அதைப் புதுப்பிக்கிறார்கள்; சேர்க்கக் கூடாதவற்றின் வடிவங்களை மேனிஃபெஸ்ட் ஸ்கிப் என்ற இன்னொரு கோப்பில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பட்டியல் தயாரிக்கும் கட்டளை, வரிகளைத் திரையில் காட்டும்; அவற்றைக் கையால் சரிபார்த்துத் திருத்தாமல் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களுடைய கையேடு எச்சரிக்கிறது. ஓப்பன்பிஎஸ்டியின் கருவி, பழைய பட்டியலில் மனிதர் எழுதிவைத்த குறிப்புகளை அழிக்காமல் புதிய வரிகளை மட்டும் நுழைக்கப் பார்க்கிறது. ஆர்பிஎம் இன்னும் கறார். நிறுவிய கோப்பு ஒன்று பட்டியலில் ஏறவில்லை என்றால் பொதி கட்டும் வேலையையே நிறுத்திவிடும். டெபியனும் காலப்போக்கில் அந்த வழிக்கு வந்தது. அதன் டெப்ஹெல்பர் கருவியில், 13ஆம் இணக்க நிலையிலிருந்து, விட்டுப்போன கோப்பு இருந்தால் பிழை என்று நிற்பதுதான் இயல்புநிலை. வேண்டுமென்றே விட்டதானால் அதையும் தனியாக எழுதிக் காட்ட வேண்டும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், ஆனால் இந்த எல்லா வழிகளிலும் நல்ல வழி இதுவே.

எச்சரிக்கையை அணைக்கப் பட்டியலை மறுபடி உருவாக்கிவிடுவது ஒரு கெட்ட பழக்கம். ஜென்டூ லினக்ஸில், பொதிகளின் மூல நிரல் அடங்கிய கட்டு (மூலக்கட்டு) ஒவ்வொன்றுக்கும் பிளேக்2பி, ஷா-512 என்ற இரண்டு வகை எண்கள் பட்டியலில் இருக்கும். இறக்கிய கட்டு பட்டியலோடு பொருந்தாவிட்டால் நிறுவல் நிற்கும். பட்டியலை மறுபடி தயாரிக்கும் கட்டளையும் பயனரிடமே இருக்கிறது. அதைத் தட்டினால் இறங்கியது எதுவோ அதுவே சரி என்று பட்டியல் ஒத்துக்கொள்ளும். பிழைச் செய்தி மறைந்துவிடும். பொருந்தாமைக்குக் காரணம் அறுந்த இணைய இணைப்பா, சத்தமில்லாமல் கட்டை மாற்றிய மூல ஆசிரியரா, ஊடுருவியவரா என்ற கேள்வி கேட்கப்படாமலே போகும்.

காரணம் அப்பாவித்தனமாகவும் இருக்கலாம் என்பதற்கு 2023 ஜனவரி 30 ஒரு சாட்சி. அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் மூலக்கட்டுகளைச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளே இருந்த கோப்புகளில் மாற்றமே இல்லை; சுருக்கிய கட்டின் பைட்டுகள் மட்டும் வேறாயின. அந்தக் கட்டுகளின் ஹாஷை எழுதிவைத்திருந்த உலகமெங்கும் உள்ள திட்டங்கள் ஒரே நேரத்தில் கட்டமைக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் கிட்ஹப் மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அன்று தங்கள் பட்டியல்களை அவசர அவசரமாகப் புதுப்பித்தவர்கள், மறுபடியும் மாற்ற வேண்டியதாயிற்று.

பட்டியலுக்குக் காவல்

கோப்பைத் திருத்தத் தெரிந்தவருக்குப் பட்டியலைத் திருத்தவும் தெரியும். ஆகவே பட்டியலுக்கும் ஒரு காவல் தேவை. டெபியன் களஞ்சியத்தில் இது சங்கிலியாக அமைந்திருக்கிறது. பொதி ஒவ்வொன்றின் ஷா-256 எண்ணும் பேக்கேஜஸ் என்ற பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் எண் ரிலீஸ் என்ற மேல்பட்டியலில் இருக்கும். ரிலீஸ் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுச் சாவி, இயங்குதளத்தோடு முன்கூட்டியே கணினிக்குள் வந்துவிடுகிறது. இதனால் பொதியை எங்கிருந்து எடுத்தோம் என்பது பெரிய பிரச்சினை அல்ல. வெளிநாட்டுச் சர்வரிலிருந்து இறக்கலாம், இந்தியக் கல்வி நிறுவனம் ஒன்றின் பிரதிக் களஞ்சியத்திலிருந்து இறக்கலாம், இணையம் மந்தமான மலையடிவார ஊர்களில் பென் டிரைவில் நகல் வாங்கி வரலாம். களஞ்சியத்தை முழுமையாக நகலெடுத்திருந்தால் சங்கிலியும் கூடவே வரும். ஒரு கண்ணி பொருந்தாவிட்டாலும் கணினி சொல்லிவிடும்.

இந்தச் சங்கிலிக்கு வெளியே நடக்கும் பதிவிறக்கத்தில் என்ன ஆகும் என்பதை 2016 பிப்ரவரி 20 காட்டியது. லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இறக்க இணைப்பைத் தங்கள் திருட்டுப் பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். அதே இணையதளத்தில் எழுதியிருக்கும் ஹாஷை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இத்தகைய தாக்குதலில் முழுப் பாதுகாப்பு கிடைக்காது; தளத்தைக் கைப்பற்றியவர் அந்த எண்ணையும் மாற்றிவிடலாம். கையொப்பத்தைத்தான் அவரால் போட முடியாது.

பட்டியலுக்கு வெளியே இருப்பதைப் பட்டியல் காக்காது என்பதற்கு ஆண்ட்ராய்டு செல்பேசியிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. ஆண்ட்ராய்டின் பழைய கையொப்ப முறையில், செயலிக் கட்டுக்குள் இருக்கும் ஒரு மேனிஃபெஸ்ட் ஒவ்வொரு கோப்பின் ஹாஷையும் சொல்லும். கையொப்பம் அந்தப் பட்டியலுக்கே. 2017 இறுதியில் வெளியான ஜேனஸ் என்ற பலவீனம் இதன் இடுக்கில் நுழைந்தது. கட்டின் தொடக்கத்தில், எந்தக் கோப்புக்கும் சேராத இடத்தில், வேறொரு நிரலை ஒட்டிவிட்டால் பட்டியலில் உள்ள கோப்புகள் எல்லாம் சரியாகவே இருக்கும், சோதனை தேறிவிடும், செல்பேசியோ ஒட்டிய நிரலை ஓட்டும். 2016இல் ஆண்ட்ராய்டு 7.0 கொண்டுவந்த இரண்டாவது முறை, கோப்புகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் கட்டு முழுவதையும் கையொப்பத்துக்குள் கொண்டுவந்தது. அந்தப் புதிய முறையைச் சோதிக்கத் தெரிந்த செல்பேசிகளில், பழைய முறையில் மட்டும் கையொப்பமிட்ட செயலிகளே ஜேனஸுக்கு இரையாகும் நிலையில் இருந்தன.

எக்ஸ்இசட் விவகாரம்

இவை எல்லாவற்றையும்விட ஆழமான பாடம் 2024 மார்ச் 29 அன்று வெளிவந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் அதன் நூலகம் இருக்கும். அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் பின்கதவு ஒன்று ஒளிந்திருந்தது. அப்போது மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட், தம் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழி உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக எடுத்ததைக் கவனித்துத் துப்புத் துலக்கப்போய் இதைக் கண்டுபிடித்தார்.

பின்கதவின் பெரும்பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் எல்லாரும் பார்க்கக்கூடிய மூலக் களஞ்சியத்திலேயே கிடந்தது. சுருக்கும் கருவிக்குச் சிதைந்த கோப்புகளையும் கொடுத்துச் சோதிப்பது வழக்கம் என்பதால், புரியாத பைட்டுகள் கொண்ட கோப்புகளை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவற்றைத் தட்டி எழுப்பும் கோப்பு களஞ்சியத்தில் இல்லை. கட்டமைப்புக்கு உதவும் எம்4 வகைக் கோப்பு ஒன்றில் சில வரிகளாக, வெளியீட்டுக் கட்டுக்குள் மட்டும் அது இருந்தது. களஞ்சியத்தின் கோப்புகளையும் வெளியீட்டுக் கட்டின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த ஒரு கோப்பு துருத்திக்கொண்டு நின்றிருக்கும்.

யாரும் வைத்துப் பார்க்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. ஆட்டோடூல்ஸ் என்ற பழைய முறையில் கட்டும் மென்பொருள்களில், வெளியீட்டுக் கட்டுக்குள் தானாக உருவாகும் கோப்புகள் பல சேரும். களஞ்சியத்துக்கும் கட்டுக்கும் வித்தியாசம் இருப்பது அங்கே வழக்கமானது. வழக்கமான வித்தியாசங்களின் கூட்டத்தில் வழக்கத்துக்கு மாறான ஒன்று ஒளிந்துகொண்டது. வெளியீட்டுக் கட்டில் இருந்த கையொப்பமும் செல்லத்தக்கதே. பொறுப்பாளர்களில் ஒருவராக இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் போட்டது அது. பட்டியலும் கையொப்பமும் தங்கள் வேலையைச் செவ்வனே செய்தன: உள்ளே இருப்பது இதுதான், அனுப்பியவர் இவர்தான் என்று சரியாகவே சொல்லின.

டெபியனின் நிலைத்த பதிப்புக்குள் அந்த எக்ஸ்இசட் நுழையவில்லை. சோதனைப் பதிப்புகளோடு நின்றது. அதன் பின், வெளியீட்டுக் கட்டை நம்பாமல் களஞ்சியத்திலிருந்தே நேராகக் கட்ட வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஒரே மூலத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டினால் பைட்டுக்குப் பைட் ஒரே பொதி வர வேண்டும் என்ற முயற்சியை டெபியன் 2013 முதலே நடத்திவருகிறது. அதற்குத் தடையாக இருப்பவை பெரும்பாலும் அற்பமானவை: கட்டிய நேரம், ஃபோல்டரின் பெயர், கோப்புகளின் வரிசை. நேரத்தை மட்டும் ஒரு நிலையான எண்ணாகக் கொடுத்துவிட்டாலே பல பொதிகள் ஒத்துப்போகின்றன.

பொதிகளின் பட்டியல்

கோப்புப் பட்டியலின் பெரிய அண்ணன், எஸ்பாம் எனப்படும் மென்பொருள் உட்பொருள் பட்டியல். ஒரு மென்பொருளுக்குள் வேறு எந்தெந்த மென்பொருள்கள், எந்தப் பதிப்பில், என்ன உரிமத்தில் கலந்திருக்கின்றன என்பதை அது சொல்லும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் கடுமையான ஓட்டை வெளிப்பட்டபோது, தங்கள் கணினிகளில் அது எங்கெங்கே இருக்கிறது என்று பெரிய நிறுவனங்களாலேயே உடனே சொல்ல முடியவில்லை. அது வேறு மென்பொருள்களின் வயிற்றுக்குள், அவற்றுக்குள்ளும் இன்னொன்றின் வயிற்றுக்குள் இருந்தது.

இந்தியாவில் சைபர் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன், எஸ்பாம் பற்றிய தொழில்நுட்ப வழிகாட்டுதலை 2024 அக்டோபரில் வெளியிட்டது. 2025 ஜூலையில் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி, தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்காக 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சைபர் பாதுகாப்புச் சட்டகத்திலும் எஸ்பாம் இடம்பெற்றது. இதற்கு எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்று இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது 2021இல் ஐஎஸ்ஓ தரமானது.

கோப்புப் பட்டியலுக்கு இருக்கும் அதே தொல்லைகள் இதற்கும் உண்டு. ஒப்பந்தத்துக்காக ஒருமுறை தயாரித்து அலமாரியில் வைத்த எஸ்பாம், அடுத்த பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே பழையதாகிவிடும். அதனால் மென்பொருள் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கட்டும் நிரலே உருவாக்கி, கையொப்பமிட்டு, முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் ஒரு பொறியாளர் முன் வைக்கும்படி அமைப்பவர்கள் இருக்கிறார்கள். முந்நூறு வரிப் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று வரிகளைப் படிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.